மோரும் தேனும்: சைட்டில் ஒப்பிட்டுப் பேச இங்கிலீஷ்

2011. சிங்கப்பூர் வந்து இரண்டாவது வருஷம். சிக்னல்மேன் கோர்ஸ் முடித்த புதிது. ஐந்தாவது மாடியில் வாக்கி டாக்கியோடு நிற்கிறேன். பிரீகாஸ்ட் பேனல் ஒன்று, அதாவது வேறு இடத்தில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகை, உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கிரேன் ஓட்டுகிறவருக்கு நாங்கள் நிற்கும் பக்கம் தெரியாது, என் குரல்தான் அவருக்குக் கண். பேனல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒரு மூலை இன்னொரு மூலையைவிடத் தாழ்வு, அந்த மூலைக்கு நேர் கீழே ஓரத்துக் கைப்பிடிக் கம்பி. "இந்த மூலை அதைவிடத் தாழ்ந்திருக்கு, நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். மனசில் தமிழ் முழுசாக இருந்தது. வாயில் வந்தது ஒரே சொல்: "லோயர்... லோயர்..."

அவர் இறக்கிவிட்டார். சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். மூலை கம்பியில் உட்கார்ந்து கம்பி வளைந்தது, கான்கிரீட்டில் ஒரு கை அகலத்துக்குச் சில்லு தெறித்தது. யாருக்கும் அடி இல்லை. சாயங்காலம் கிரேன் ஓட்டிய பங்ளாதேஷ் அண்ணன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, தனக்குத் தெரிந்த கலப்பு மொழியில் விளக்கினார்: நீ "லோயர்" என்றால் எனக்கு அது "இறக்கு". "அதைவிடத் தாழ்வு" என்று சொல்ல வேண்டுமானால் எதைவிட என்றும் சேர்த்துச் சொல். அவசரமானால் ஒப்பிடவே ஒப்பிடாதே, "ஸ்டாப்" என்று மட்டும் சொல்.

அன்றைக்குத்தான் இந்த ஒப்பீட்டுச் சொற்களை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இப்போது சேஃப்டி வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா பக்கம், ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில், மதியக் கூட்டம் கலைந்தபிறகு நாலைந்து தம்பிகள் நோட்டோடு வந்து உட்காருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வாத்தியார் இல்லை. என் இங்கிலீஷ் முழுக்க டூல்பாக்ஸ் மீட்டிங் என்கிற வேலைக்கு முந்தைய பாதுகாப்புக் கூட்டத்திலும், வேலைக்கு அனுமதி தரும் பெர்மிட் தாளிலும் வளர்ந்தது. உதாரணமெல்லாம் சைட் வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் பக்கம். தமிழில் ஒப்பிட 'விட' போதும். "ராமுவைவிட ரவி உயரம்." உயரம் என்ற சொல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது உயரமாகவே இருக்கிறது. பழைய தமிழில் 'விட'கூட வேண்டாம், ஐந்தாம் வேற்றுமை உருபே போதும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறளில் "ஞாலத்தின் மாணப் பெரிது" என்று வருமே, அங்கே 'ஞாலத்தின்' என்றால் உலகத்தைவிட. 'பெரிது' அப்படியேதான் நிற்கிறது. ஆக, ஒப்பிடும்போது குணத்தைச் சொல்லும் சொல்லை மாற்றும் பழக்கமே நமக்குக் கிடையாது. அதனால்தான் பத்து வருஷம் இங்கே இருந்தவர்கூட "திஸ் பைப் லாங் தேன் தட் பைப்" என்கிறார். அவர் காதுக்கு அதில் குறை எதுவும் தெரியாது.

இங்கிலீஷில் இரண்டு இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். குணச்சொல்லின் வாலில் 'அர்' ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு முன்னால் 'மோர்' போட வேண்டும். எதோடு ஒப்பிடுகிறோமோ அதற்கு முன்னால் 'தேன்' வைக்க வேண்டும். தம்பிகளிடம் நான் இதை மோர், தேன் என்றே சொல்லிக் கொடுக்கிறேன். சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். இந்தத் தேன் எழுதும்போது டி-எச்-ஏ-என். டி-எச்-இ-என் என்று எழுதினால் அது 'தென்', 'அப்புறம்' என்று அர்த்தம். இரண்டையும் மாற்றி எழுதிய ரிப்போர்ட்டுகளை எஞ்சினியர்களிடமிருந்தே வாங்கியிருக்கிறேன், அதனால் வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது வரிசை. வேலையில் உண்மையாகவே ஆபத்தாகிற இடம் இதுதான். "ஏ பீமைவிட பி பீம் கனம்." தமிழில் ஏ முதலில் வருகிறது, ஆனால் கனம் பி. புதிதாக வந்த தம்பி இதை வாயில் வந்த வரிசையில் மொழிபெயர்க்கிறான்: "ஏ பீம்... தேன் பி பீம்... ஹெவி." கேட்கிற சீன சூப்பர்வைசர் ஏ பீம்தான் கனம் என்று புரிந்துகொள்வார். இங்கிலீஷில் முதலில் நிற்பதுதான் குணத்துக்குச் சொந்தக்காரர். "பி பீம் இஸ் ஹெவியர் தேன் ஏ பீம்."

இதற்கு நான் கண்ட வழி, தமிழ் வாக்கியத்தில் 'விட' ஒட்டிய சொல்லைக் கையால் மறைத்துவிடுவது. மிச்சம் இருப்பதை முதலில் சொல்லுங்கள்: பி பீம் கனம். "பி பீம் இஸ் ஹெவியர்." இப்போது கையை எடுத்து, மறைத்ததைத் தேனோடு கடைசியில் ஒட்டுங்கள். ஒரு வாரம் விரலால் மறைத்துப் பழகினால் பிறகு மனசே மறைத்துக்கொள்ளும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பது எதிரிலேயே கிடந்தால் தேனை விட்டுவிடலாம். சுமையைக் கட்டித் தூக்கும் ஸ்லிங் இரண்டு கிடக்கிறது, "யூஸ் த லாங்கர் ஒன்" என்றால் போதும். "கம் க்ளோசர்" என்றால் இப்போது நிற்பதைவிடக் கிட்டே என்று யாருக்கும் புரியும். ரேடியோவில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கேட்கிறவர் பார்க்காத பொருளைப் பற்றித் தேன் இல்லாமல் ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

எப்போது அர், எப்போது மோர்? சொல்லில் எத்தனை உயிரோசை என்று எண்ண வேண்டும். புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை. 'டீப்' ஒன்று, 'ஹெவி' இரண்டு, 'டேஞ்சரஸ்' மூன்று. ஒன்றானால் அர்: டீப்பர், சேஃபர், ஸ்டீப்பர். மூன்றும் அதற்கு மேலும் ஆனால் மோர்: மோர் டேஞ்சரஸ், மோர் எக்ஸ்பென்சிவ்.

போன மாதம் ஒரு தம்பி "மோர் ஸ்ட்ராங்" என்று எழுதிவந்தான். ஏன் என்றேன். "மூணு தடவை இறங்குதுண்ணே" என்றான். சொல்லிக் காட்டச் சொன்னேன். "இஸ்-ட்ராங்-கு." அவன் தாடையைக் குற்றம் சொல்ல முடியாது, நம் வாய் அப்படி. மெய்யில் தொடங்க முன்னால் ஓர் 'இ', மெய்யில் முடிக்கப் பின்னால் ஓர் 'உ'. அந்த இரண்டையும் தள்ளிவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஸ்ட்ராங், ஒன்று. ஆகவே ஸ்ட்ராங்கர்.

போகிற போக்கில் ஒரு நல்ல சேதி. லாங், ஸ்ட்ராங், யங் மூன்றும் 'ங்' என்று மூக்கில் முடியும். அர் ஒட்டியதும் ஒரு 'க' ஓசை புதிதாக முளைக்கும்: லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர். வேறு மொழிக்காரர்கள் இதற்குத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு 'ங்'குக்குப் பின்னால் 'க' தானாக வந்துவிடும். இந்த ஓர் இடத்தில் தமிழ் நாக்கு நம்மைக் காப்பாற்றிவிட்டது.

இரண்டு உயிரோசைச் சொற்கள்தான் தொல்லை. 'ஒய்' எழுத்தில் முடிந்தால் அர்: ஹெவியர், டர்ட்டியர், டஸ்டியர். எழுதும்போது ஒய் போய் அந்த இடத்தில் ஐ வரும். மற்றவை பெரும்பாலும் மோர்: மோர் கேர்ஃபுல், மோர் யூஸ்ஃபுல். நாரோ, சிம்பிள், குவயட் மாதிரிச் சில சொற்கள் அர் வாங்கிக்கொள்ளும். 'ஸ்லிப்பரி' ஒய்யில் முடிந்தாலும் தாடை மூன்று முறை இறங்குகிறது, அதனால் மோர் ஸ்லிப்பரி. மழை நாளில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தினமும் தேவைப்படும் சொல் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் இரண்டு உயிரோசைச் சொல்லுக்கு மோர் போட்டுவிடுங்கள். பெரிய தப்பாகாது.

ஒரு விதிவிலக்கு சைட்டில் நிறைய வரும். வேலை நடந்து முடிந்ததைச் சொல்லும் குணச்சொற்கள், அதாவது வளைந்த, தேய்ந்த, களைத்த என்பவை, ஒரே உயிரோசையாக இருந்தாலும் மோர்தான். "திஸ் ஸ்லிங் இஸ் மோர் வோர்ன் தேன் தட் ஒன்." "மோர் பெண்ட்." "ஐ ஆம் மோர் டயர்ட் டுடே." டயர்டர் என்று யாராவது சொன்னால் களைப்பை மன்னித்துவிடுங்கள், சொல்லைத் திருத்துங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 'இ' எழுத்தில் முடியும் சொல்லுக்கு ஆர் மட்டும் சேர்த்தால் போதும்: வைட், வைடர். பிக், ஹாட், தின், வெட் போன்ற குட்டிச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும். பிக்கரில் இரண்டு ஜி, ஹாட்டரில் இரண்டு டி.

இனி, சிங்கப்பூரில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பார்க்காமல் எல்லார் வாயிலும் வரும் தப்பு: "மோர் பெட்டர்", "மோர் சேஃபர்". கோப்பிக்கடையில் இப்படிப் பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நானும் அங்கே அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் ரிப்போர்ட்டிலும் இன்டர்வியூவிலும் அது முகத்தில் ஒட்டிய சோற்றுப்பருக்கை மாதிரி தெரியும். வாலில் அர் இருந்தால் முன்னால் மோர் வேண்டாம். பெட்டருக்குள் ஏற்கெனவே மோர் கலந்திருக்கிறது.

ஏன் இந்தத் தப்பு வருகிறது என்று யோசித்தால், 'இன்னும் நல்லா', 'ரொம்பவே நல்லா' என்று அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஆசை நியாயமானதுதான், அதற்கு எடுக்கிற சொல்தான் தப்பு. 'வெரி'யும் இங்கே உதவாது, "வெரி சேஃபர்" கிடையாது. அதற்கு உரிய சொற்கள் வேறு. நிறைய வித்தியாசம் என்றால் 'மச்' அல்லது 'ஃபார்', பேச்சில் 'எ லாட்'. கொஞ்சம் என்றால் 'எ பிட்', 'ஸ்லைட்லி'. ஏற்கெனவே அதிகம், இது அதற்கும் மேலே என்றால் 'ஈவன்'. குறளில் 'மாணப் பெரிது' என்று வந்ததே, அந்த 'மாண' செய்யும் வேலையை இங்கே 'மச்' செய்கிறது.

கண்ணால் பார்த்துப் பழக ஒரு ஜோடி தருகிறேன். புக்கிட் தீமா மலை 164 மீட்டர். சிங்கப்பூர் ஃப்ளையர் 165 மீட்டர். ஒரு மீட்டர்தான் வித்தியாசம், ஆகவே "த ஃப்ளையர் இஸ் ஸ்லைட்லி ஹையர் தேன் த ஹில்". ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ரிபப்ளிக் பிளாசா 280 மீட்டர். "ரிபப்ளிக் பிளாசா இஸ் மச் ஹையர் தேன் த ஹில்." கட்டடத்துக்கு 'டாலர்' என்பதுதான் வழக்கமான சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் அதுவும் காசு டாலரும் ஒன்றாகிவிடுகிறதே என்று ஹையரையே வைத்துக்கொண்டேன். வாயால் சொல்லும்போது உயரத்துக்கு 'டா'வை இழுத்து, உதட்டைக் குவித்து 'டோ'வுக்குக் கிட்டே கொண்டுபோங்கள்.

விதிக்கு அடங்காதவை கொஞ்சம்தான்: குட் என்பது பெட்டர், பேட் என்பது வோர்ஸ், லிட்டில் என்பது லெஸ், மெனியும் மச்சும் மோர். ஃபார் என்பது ஃபார்தர், ஃபர்தர் என்று இரண்டாகப் பிரியும். தூரத்துக்கு இரண்டும் செல்லும். ஆனால் லிஃப்ட் கதவில் ஒட்டியிருக்கும் "அண்டில் ஃபர்தர் நோட்டீஸ்" தூரம் இல்லை, 'மறு அறிவிப்பு வரும்வரை'. அங்கே ஃபார்தர் வராது.

எல்டர் என்ற சொல் நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். "மை எல்டர் பிரதர்" சரி. "ஹி இஸ் எல்டர் தேன் மி" சரியில்லை, அங்கே ஓல்டர். எல்டர் ஆட்களுக்கு மட்டும், அதுவும் பெயருக்கு முன்னால் மட்டும். நார்த் சவுத் ரயில் பாதை 1987-இல் ஓட ஆரம்பித்தது, நார்த் ஈஸ்ட் 2003-இல். மூத்தது எது என்று கேட்டால் ஓல்டர்தான், ரயிலுக்கு எல்டர் கிடையாது.

தேனுக்குப் பதில் 'டு' கேட்கும் சில சொற்களும் உண்டு. சீனியர், ஜூனியர், ப்ரையர், சுப்பீரியர். "ஹி இஸ் சீனியர் டு மி." பெர்மிட் தாளில் "ப்ரையர் டு லிஃப்டிங்" என்று வந்தால் 'தூக்குவதற்கு முன்னால்'. ப்ரெஃபரும் இந்தக் கூட்டம்தான்: "ஐ ப்ரெஃபர் பரோட்டா டு ரைஸ்."

லெஸ், ஃபியூவர் இரண்டையும் கோப்பிக்கடையில் வைத்துச் சொன்னால்தான் புரியும். 'தே சியூ தாய்' என்று கேட்கிறோமே, அந்தச் சியூ 'குறைத்து'. இனிப்பு குறைத்து. 'கா தாய்' கூட்டி. சக்கரையை எண்ண முடியாது, ஆகவே லெஸ் ஷுகர். கரண்டியை எண்ணலாம், ஆகவே ஃபியூவர் ஸ்பூன்ஸ். சிமெண்ட் லெஸ், சிமெண்ட் மூட்டை ஃபியூவர். டைம் லெஸ், ஆட்கள் ஃபியூவர். ஆனால் அளவும் காசும் நேரமும் எண்ணோடு வந்தாலும் லெஸ்தான்: லெஸ் தேன் 3 மீட்டர்ஸ், லெஸ் தேன் 10 மினிட்ஸ். 3 மீட்டரை மூன்று தனித்தனிப் பொருளாக யாரும் பார்ப்பதில்லை, ஒரே நீளமாகத்தான் பார்க்கிறோம்.

இப்போது நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிற பாடம்: எண்ணின் ஓரம். இங்கே உயரத்தில் செய்யும் வேலைக்கான விதியில், ஆள் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் அது அபாயமான உயர வேலை, பெர்மிட் வேண்டும். இங்கிலீஷில் 'மோர் தேன் 3 மீட்டர்ஸ்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, சரியா 3 மீட்டர்னா?"

நல்ல கேள்வி. மேசையில் தேத்தண்ணித் துளியை விரலால் இழுத்து ஒரு கோடு போட்டேன். நடுவில் ஒரு பருப்பை வைத்து, இதுதான் 3 என்றேன். 'மோர் தேன் 3' என்றால் பருப்புக்கு வலது பக்கம் மட்டும், பருப்பு சேராது. 'லெஸ் தேன் 3' என்றால் இடது பக்கம் மட்டும், அப்போதும் பருப்பு சேராது. 'அட் லீஸ்ட் 3', 'நாட் லெஸ் தேன் 3', '3 ஆர் மோர்' என்றால் பருப்பும் வலது பக்கமும். 'நாட் மோர் தேன் 3', 'அப் டு 3', 'மேக்சிமம் 3' என்றால் பருப்பும் இடது பக்கமும். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப 'நாட்' வந்தா பருப்பு நம்மகிட்ட" என்றான். அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னேன், நான் சொன்னதைவிடச் சுருக்கம்.

தமிழில் '3 மீட்டருக்கு மேல்' என்றாலும் கணக்கு இதேதான், ஆனால் பேச்சில் நாம் அவ்வளவு கறாராக இல்லை. "ஐம்பது பேருக்கு மேல வந்தாங்க" என்கிறோம், ஐம்பதே பேர் வந்திருந்தாலும். அந்தப் பழக்கத்தோடு விதியைப் படித்தால் ஓரம் நழுவும். வெயில் விதியைப் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்தது. வெட் பல்ப் குளோப் வெப்பநிலை, அதாவது வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் சூடு, '32 டிகிரி ஆர் ஹையர்' என்றால், கடினமான உடல் வேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிஷம் ஓய்வு. '33 ஆர் ஹையர்' என்றால் 15 நிமிஷம். இங்கே 'ஆர்' இருக்கிறது, அதனால் பருப்பு சேரும். மீட்டரில் சரியாக 32 காட்டினாலே ஓய்வு உண்டு. "இன்னும் 32-ஐத் தாண்டலையே" என்று யாராவது சொன்னால் அவர் 'மோர் தேன்' என்று படித்துவிட்டார் என்று அர்த்தம்.

அதற்காக 2.99 மீட்டரில் நின்றுகொண்டு இலக்கணம் பேசாதீர்கள். பெல்ட் மாட்டுவதற்கு எந்த எண்ணும் தடை இல்லை.

சமம் என்று சொல்ல 'அஸ்... அஸ்'. நடுவில் வரும் சொல் மாறாது: "அஸ் லாங் அஸ்", லாங்கர் அல்ல. 'நாட் அஸ் ஹெவி அஸ்' என்றால் அதைவிடக் கனம் குறைவு. தமிழில் "அது மாதிரி கனமில்லை" என்றால் இரண்டுமே கனமில்லையோ என்று ஒரு சந்தேகம் தட்டும். இங்கிலீஷில் அந்தச் சந்தேகம் இல்லை. மடங்கு சொல்லும்போதும் இதையே பிடியுங்கள்: "ட்வைஸ் அஸ் லாங் அஸ்", "த்ரீ டைம்ஸ் அஸ் ஹெவி அஸ்". 'இரண்டு மடங்கு அதிகம்' என்றால் மொத்தம் இரண்டா, மூன்றா என்று நம் ஊரிலேயே சண்டை வரும். லோடு விஷயத்தில் அந்தச் சண்டை வேண்டாம்.

அடுத்த பொறி நம் மொழிக்கே உரியது. "உன்னைவிட எனக்குச் சம்பளம் ஜாஸ்தி", "உன்னைவிட என் ரூம் பெருசு." தமிழில் யாரும் குறை சொல்ல முடியாது. அதை அப்படியே "மை ரூம் இஸ் பிக்கர் தேன் யூ" என்றால், என் ரூம் உன் உடம்பைவிடப் பெரியது என்று ஆகிவிடும். உண்மைதான், ஆனால் நாம் சொல்ல வந்தது அது இல்லை. ரூமை ரூமோடும் சம்பளத்தைச் சம்பளத்தோடும்தான் நிறுத்த வேண்டும்: "பிக்கர் தேன் யுவர்ஸ்". பொருளானால் 'தட் ஆஃப்' அல்லது 'த ஒன்': "த கேபிள் ஆன் திஸ் டிரம் இஸ் லாங்கர் தேன் த ஒன் ஆன் தட் டிரம்." தேனுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஜாதிப் பொருள் நிற்கிறதா என்று எழுதி முடித்ததும் ஒரு தடவை பாருங்கள். நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

தேன் மி, தேன் ஐ என்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள். பேச்சில் "ஃபாஸ்டர் தேன் மி", எழுத்தில் "ஃபாஸ்டர் தேன் ஐ டு". இரண்டு பொருளில் எது என்றால் அர், மூன்றோ அதற்கு மேலோ ஆனால் எஸ்ட்: "த லாங்கர் ஆஃப் த டூ", "த லாங்கஸ்ட் ஆஃப் த த்ரீ".

'எவ்வளவுக்கு எவ்வளவு, அவ்வளவுக்கு அவ்வளவு' என்று சொல்வதற்கு இங்கிலீஷில் அழகான ஓர் அமைப்பு உண்டு: 'த' போட்டு ஒப்பீட்டுச் சொல், மறுபடி 'த' போட்டு ஒப்பீட்டுச் சொல். "த சூனர் த பெட்டர்." ரிக்கர் வேலைக்கு, அதாவது கிரேனில் சுமை கட்டும் வேலைக்கு, போகிற தம்பிகளுக்கு நான் இதை ஸ்லிங்கை வைத்துத்தான் சொல்வேன். "த வைடர் த ஆங்கிள், த கிரேட்டர் த லோடு ஆன் ஈச் லெக்." இரண்டு கால் ஸ்லிங்கில் 1 டன் சுமை தூக்குகிறோம். கால்கள் இரண்டும் நேராகத் தொங்கினால் காலுக்கு அரை டன். கால்களை அகட்டி இடைக்கோணம் 120 டிகிரி ஆக்கினால் ஒவ்வொரு காலிலும் முழு 1 டன் இழுவை. சுமை கூடவில்லை, கோணம்தான் கூடியது. இந்த அமைப்பில் தேன் வராது, 'இஸ்'கூட அவசியமில்லை. தமிழ் மாதிரியே சுருக்கமாக நிற்கிறது, அதனால் தம்பிகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

பழகுவதற்குத் தனியாக நேரம் தேட வேண்டாம். காலையில் லாரியில் போகும்போது கண்ணில் படுகிற இரண்டு பொருளை எடுத்து வாய்க்குள் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். பக்கத்தில் போகிற பஸ், எதிரே தெரியும் கிரேன், நேற்றைய சாப்பாடு, இன்றைய சாப்பாடு. சாப்பாட்டில் வோர்ஸ் அதிகம் வரும்.

கடைசியாக மூன்று வாக்கியம் தருகிறேன். விடை பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். நேற்றைவிட இன்றைக்குத் தரை வழுக்குகிறது. உன்னைவிட என் ஹெல்மெட் புதுசு. இந்த ஏணி அந்த ஏணியைவிட ரொம்பப் பாதுகாப்பு.

முதலாவதில் ஸ்லிப்பரிக்கு மோர், பிறகு வரிசை மாறும்: "த ஃப்ளோர் இஸ் மோர் ஸ்லிப்பரி டுடே தேன் எஸ்டர்டே." இரண்டாவதில் ஹெல்மெட்டுக்கு எதிரே ஹெல்மெட்: "மை ஹெல்மெட் இஸ் நியூவர் தேன் யுவர்ஸ்." மூன்றாவதில் 'ரொம்ப' என்றதும் கை வெரிக்குப் போகும், இழுத்துப் பிடியுங்கள்: "திஸ் லேடர் இஸ் மச் சேஃபர் தேன் தட் லேடர்." போன வாரம் இதைக் கேட்டபோது ஒருவன் "மச் மோர் சேஃபர்" என்றான். மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் "மோரை இறக்குடா" என்றார்கள்.